டுக்கிக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

கல்கத்தா நியூ டவுனில் இந்த வருஷம் குளிர் முந்திக்கொண்டது. டிரங்குப் பெட்டியை இறக்கிப் பழைய பழுப்பு ஸ்வெட்டரை உதறினேன். முழங்கையில் ஒரு வெள்ளை முடி. "உங்க முடிதான், வயசாகுதுல்ல" என்றாள் மனைவி. என் தலையில் உதிர ஏது மிச்சம்? அது டுக்கியுடையது.

தொண்ணூறுகளில் வங்கி வேலைக்கு வந்து பவானிபூரில் ஒரு மாடியறையில் இருந்தேன். கீழே வீட்டுக்கார தாதா, அவர் மனைவி பௌதி (வங்காளத்தில் அண்ணனும் அண்ணியும் அப்படித்தான்), பஞ்சுமூட்டை மாதிரி அவர்கள் நாய் டுக்கி. குளிர்கால மதியங்களில் பௌதி மொட்டைமாடி வெயிலில் பிரம்பு நாற்காலி போட்டு, தன் தலைக்கு வாசனைத் தைலம் தேய்த்த கையோடு டுக்கிக்கும் சிக்கெடுப்பார். அந்த மணம் படிக்கட்டு வரை வரும். அடுத்த வருஷம் துர்கா பூஜை முடிந்த வாரம் பௌதி தவறிவிட்டார். அதன்பின் தாதா தினமும் காலையில் டுக்கியின் கழுத்து முடியில் முகம் புதைத்து வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். நாய்ப் பாசம் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

டிசம்பரில் அக்கா வீட்டுக்கு பர்தமான் போனவர் நாயை என்னிடம் விட்டார். "குளிப்பாட்டாதே. சீப்பு மட்டும்." மூன்று முறை சொன்னார். குளிருக்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை. நான் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்திருந்தேன். டுக்கி சொறிந்துகொண்டே இருந்தது. வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. வறட்சி! ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெய், சீயக்காய், இரண்டு வாளி வெந்நீர்.

மேல்முடிக்கு அடியில் கம்பளி மாதிரி இன்னொரு அடுக்கு இருப்பதும், அது லேசில் காயாது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. டுக்கி பாதியாகிவிட்டது. வெடவெடவென்று நடுக்கம். எனக்கு அதைவிட அதிகம். என் ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் அதற்கு மாட்டி, தூக்கிக்கொண்டு எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். பூத்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மாதத்தில் கல்கத்தாவில் எல்லோருமே அந்தக் கோலம்தான்.

"அம்மா, செத்துரும் போல இருக்கும்மா!"

"யாருடா?"

"நாய்! எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினேன்…"

"நீ ஒழுங்கா தேய்ச்சுக்கவே நான் கெஞ்சணும்! அழாதடா. நல்லாத் துடைச்சு வெயில்ல வை. சாம்பிராணி போடு."

மாடியில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே, வெயில் இறங்கும்வரை துடைத்துச் சீவினேன். நடுக்கம் நின்றது. டுக்கி எழுந்து காலி பிரம்பு நாற்காலியை முகர்ந்தது. பிறகு தன் முன்னங்காலை. மறுபடி நாற்காலியை. மறுபடி காலை. மெல்ல முனகியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "மன்னிச்சிருங்க பௌதி" என்றேன் நாற்காலியைப் பார்த்து. எதற்கென்று தெரியாமலே.

திங்கள் காலை தாதா வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் குனிந்து முகம் புதைத்தார். நிமிர்ந்தார். காதுக்குப் பின்னால் முகர்ந்தார். கழுத்துக்கு அடியில். மறுபக்கம்.

"குளிப்பாட்டினியா?"

"ஆமா, தாதா."

மூன்று முறை சொன்னது குளிருக்காக இல்லை என்று அப்போது புரிந்தது. திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நல்லா பளபளன்னு இருக்கு" என்றார்.

அதன்பின் அவர் அதன் கழுத்தில் முகம் வைத்து நான் பார்க்கவில்லை.

டுக்கி போய், தாதா போய், அந்த மொட்டைமாடி இருந்த இடத்தில் இப்போது யாருடைய மூன்றாவது மாடியோ. மனைவி அந்தப் பக்கம் போனதும் வெள்ளை முடியை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். அந்துருண்டை வாடை. என் சீயக்காய்கூட இல்லை.