வேதோவா

சினிமாக்காரர் என்றாலே இப்போது எனக்கு ஓங்காளம் வருகிறது. என்னை நினைத்தாலும் அப்படித்தான். ஏனென்று சொல்கிறேன்.

புனிதமலர் அக்கா மன்னார் பேசாலைக்காரி. இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் ஒரேத்தோத் தெருப் பக்கம் இரண்டு வீடுகளில் துடைத்துக் கழுவிப் பிழைக்கிறார். ஒப்பாரி சொன்னால் கல்லும் கரையும். இங்கே எங்கள் ஆட்களில் யார் செத்தாலும், ஊரிலிருந்து யாருடைய சாவுச் செய்தி வந்தாலும், முதலில் வாய் திறப்பது அவர்தான். ஆனால் தொண்ணூறில் கடலுக்குப் போய்த் திரும்பாத தன் புருஷன் அந்தோனிமுத்துவுக்கு ஒரு வரி சொன்னதில்லை. உடல் கிடைக்கவில்லை. ஒப்பாரி சொன்னால் அவர் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தாலியையும் கழற்றவில்லை. யாராவது "அவரின்ர ஆத்துமத்துக்கு ஒரு பூசை குடுக்கலாமே" என்று இழுத்தால், "உன்ர வாயில மண் விழ!" என்று கத்துவார்.

தொண்ணூற்றாறில் நகரத்தின் கால்சாப் பகுதியில், கூரையில்லாத ஒரு பழைய மாதா கோயிலுக்குள் புளூஸ் கச்சேரி வைத்தார்கள். அமெரிக்காவில் அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்களின் துயரத்தில் பிறந்த பாட்டு அது. அதன் வரலாற்றைக் கொண்டாடும் ஆவணப்படம் ஒன்றுக்காகவாம். பருத்திக்காட்டில் முதுகு வெடித்தவர்களின் பாட்டை, இறால் தின்ற விரலை நக்கிக்கொண்டே இந்தக் கூட்டம் படம் பிடித்தது.

மேடை துடைக்க அக்காவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். துடைக்கும்போது அக்கா, முந்தின கிழமை செத்த எங்கள் ஆள் இராஜநாயகத்துக்குச் சொன்ன ஒப்பாரியை முணுமுணுத்தார். இயக்குநர் அதைக் கேட்டுவிட்டான். "இதுவும் புளூஸ்தான்!" என்று துள்ளினான். எனக்குக் கொஞ்சம் இத்தாலியன் வரும். அந்தத் திமிரில் மொழிபெயர்க்க நடுவில் போய் நின்றேன்.

"புருஷன் எங்கே?" என்று கேட்டான்.

"அவர் கடலுக்குப் போனவர். இன்னும் வரேல்லை" என்றார் அக்கா.

நான், "சே நே அந்தாத்தோ" என்றேன். போய்விட்டார் என்று அர்த்தம். கடலையும் விட்டேன், 'இன்னும் வரேல்லை' என்பதையும் விட்டேன். எங்கள் பாஷையில் 'போயிட்டார்' போலத்தான் அவர்களுக்கும். செத்தவரையும் அப்படித்தான் சொல்வார்கள். இயக்குநர் நெஞ்சில் கை வைத்தான். அவன் கண் கலங்கியதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. தூ!

அக்காவை உடை மாற்ற விடவில்லை. ஏப்ரனோடும் துடைப்பத்தோடும் நிறுத்தி, இராஜநாயகத்தின் ஒப்பாரியையே மூன்று தரம் சொல்ல வைத்தான். கண்ணீர் காணாதாம், இன்னும் வேணுமாம்! பாட வந்திருந்த கறுப்பினக் கிழவர் ஒருவர் மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அப்பால் போய்விட்டார்.

அடுத்த வருடம் படத்தைப் போட்டார்கள். எங்கள் கோயில் பங்குச் சனம் முழுக்க வெளிக்கிட்டு வந்தது. அக்கா நீலச் சேலை கட்டியிருந்தார். திரையில் அவர் முகம் வந்ததும் கைதட்டல். பின்னணிக் குரல் "லா வேதோவா" என்றது.

அக்காவுக்குத் தெரிந்த இத்தாலியன் வேலைக்குப் போகும் வீட்டுச் சிக்னோராவின் குசினியைத் தாண்டாது. ஆனால் எங்கள் சொல் மாதிரியே காதில் விழுந்த அது பிடிபட்டுவிட்டது.

"பீலிக்ஸ், விதவை எண்டோ சொல்லுறான்?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரைச் சொல்லுறான்? இராஜநாயகத்தின்ர மனுசியையோ?"

மாண்ட கணவனுக்காக அழுகிறாள் என்று குரல் சொல்லிக்கொண்டே போனது.

படம் முடிந்ததும் நடந்ததுதான் பெரிய அசிங்கம். வெட்கங்கெட்ட சனம், வாயில் பலகாரத்தோடு வரிசையில் வந்து அக்காவின் கையைப் பிடித்தது. "இப்பவாவது மனதைத் தேத்திக்கொண்டீங்களே அக்கா" என்றாள் மொனிகா. றோசமலர் பூசைக்கு நாள் கேட்டாள். இயக்குநர் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். அக்கா சேலைத் தலைப்பால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்தார்.

வெளியே வந்ததும் என்னை மறித்தார்.

"நீ அவனுக்கு என்னெண்டு சொன்னனீ?"

"போயிட்டார் எண்டுதான், அக்கா."

தாலியைக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஏழு வருசம் என்ர வாயால வரேல்லை. நீ சொல்லிப்போட்டாய்" என்றார். "அவர் வந்து, ஆரடி என்னைச் சாக்காட்டினது எண்டு கேட்டால், நீ வந்து நிண்டு மறுமொழி சொல்லு."