நனைத்த லேஞ்சி

இருபது வயதில் நான் எவ்வளவு அற்பனாக இருந்தேன் என்று சொல்ல மூன்று கண்ணாடிச் சாடிகள் போதும்.

யாழ்ப்பாணத்தில் வாத்தியார் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தோம், பன்னிரண்டு பேர். பதினொருவர் வெள்ளாளர். ஒருவன் மட்டும் மரமேறுகிறவரின் மகன். பயிற்சியை முடித்தால் அவனுடைய ஊரில் அவன்தான் முதல் வாத்தியார். மேலிடத்து உத்தரவால் எங்களுடன் ஒரே வாங்குப் பலகையில் இருந்தான். அதற்கே நாங்கள் முகத்தைச் சுளித்தோம்.

அன்றைக்குப் பற்றறிப் பாடம், மின்கலம் செய்து காட்டுவது. விஞ்ஞானம் படிப்பித்த ஐயா மேசையில் சாடிகளை வைத்து நவச்சாரம் கரைத்த தண்ணீரை ஊற்றினார். ஒவ்வொன்றிலும் ஒரு துத்தநாகக்கோல், ஒரு கரிக்கோல். ஒரு சாடிக்கு ஒன்றரை வோல்ற். ஒன்றின் நாகத்தை அடுத்ததன் கரியோடு தொடுத்தால் மூன்றுக்கும் நாலரை.

"உது தொட்டால் தெரியாது. இந்தக் கம்பிச்சுருளாலை கூட்டினால்தான் கையிலை அடிக்கும். எல்லாரும் கைகோத்து நில்லுங்கோ" என்றார்.

வரிசையின் ஒரு நுனியில் நின்றவன் ஒரு கம்பியைப் பிடித்தான். மறு நுனியில் மரமேறுகிறவரின் மகன். அவன் ஒரு கையில் மற்றக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என்னிடம் நீட்டினான். நான் சட்டைப்பையிலிருந்து முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்து அதன் முனையை நீட்டினேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அதைப் பிடித்தான்.

ஒருவருக்கும் ஒன்றும் அடிக்கவில்லை. ஐயா சாடிகளைப் பார்த்தார், முடிச்சுகளை இறுக்கினார், கடைசியில் லேஞ்சியைக் கண்டார். கையைப் பிடியடா என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் பிடித்திருப்பேன். சொல்வாரென்று பயந்தேன், சொல்லமாட்டாரா என்றும் இருந்தது.

"காய்ஞ்ச துணியிலை ஓடாது, தம்பி" என்று லேஞ்சியை வாங்கி நவச்சாரத் தண்ணீரில் தோய்த்துத் தந்தார். "இப்ப ஓடும்."

ஓடியது. எல்லாரும் துள்ளிச் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. துணியை விட்டான், கம்பியை மேசையில் வைத்தான், "வாறன் ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். எங்கள் கைகளில் அடித்துக்கொண்டிருந்த மின்சாரம் நின்றுபோனது.

ஐயா ஒருமுறை வாசலைப் பார்த்தார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

"ஓரிடத்திலை விட்டால் முழுச் சுற்றும் நிண்டுபோம். எழுதுங்கோ."

அவன் திரும்பி வரவேயில்லை. போய்க் கூப்பிடவேண்டியவன் நான்தான். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.