ஜெபத் தாளில் ஏறிய சொல்

அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரின் டச்சுக்காரர் சபையில் யாருக்கு என்ன நோய் என்றாலும், டாக்டருக்கு அடுத்தபடி ஆல்பர்ட்டா போஸ்மாவுக்குத்தான் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளாதவள், சபைக் காரியதரிசி. யார் யாருக்காக, என்ன நோய்க்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்லும் ஞாயிற்றுக்கிழமை ஜெபத் தாளை இருபத்திரண்டு வருஷமாக அவள்தான் டைப் அடித்தாள். இடுப்பெலும்பு முறிந்தால் இடுப்பெலும்பு, காமாலை என்றால் காமாலை. மார்பில் புற்று என்றால் மட்டும் 'உடல்நலக் குறைவு'. சொந்த அக்கா டெனாவுக்கும் சாகும்வரை அப்படித்தான் அடித்தாள். அந்தச் சபையில் உயிரைவிட மானம் ஒரு படி மேலே உட்கார்ந்திருந்தது.

1974 கோடையில் அவளுடைய இடது மார்பிலும் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அக்கா பட்ட பாடு கண்முன் நின்றது. நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு ஆபரேஷன் என்று பேப்பரில் வந்தது. மார்பகப் புற்றுநோய் என்று முதல் பக்கத்திலேயே, ஒளிவுமறைவு இல்லாமல். பெட்டி இதே ஊரில் வளர்ந்தவர், பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தவர். நடனம் என்றாலே முகம் சுளிக்கும் சபை, அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்காகக் கண்ணை மூடி ஜெபித்தது. ஆல்பர்ட்டா மறுநாளே டாக்டரிடம் போனாள். புற்றுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

சனிக்கிழமை தாளைப் பார்த்த பாஸ்டர் டைக்ஸ்ட்ரா கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா இது? 'ஆல்பர்ட்டா போஸ்மா, மார்பகப் புற்றுநோய்'னு அடிச்சு வெச்சிருக்கீங்க?"

"அதுதானே பாஸ்டர் வந்திருக்கு."

"ஆம்பளைங்க, சின்னப் புள்ளைங்க எல்லாம் படிக்கிற தாளும்மா. உடம்பு சரியில்லைன்னு போட்டா கர்த்தருக்குப் புரியாதா?"

"கர்த்தருக்குப் புரியும். எங்க அக்காவுக்குத்தான் புரியல. வெக்கப்பட்டு வெக்கப்பட்டு டாக்டர்கிட்ட போறதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. ஜனாதிபதி பொண்டாட்டியே மறைக்கல. நான் என்ன அவங்களைவிடப் பெரிய மனுஷியா?"

பக்கத்து மேஜையில் தாள் மடித்துக்கொண்டிருந்த பாஸ்டரின் மனைவி கோரா நிமிரவில்லை. "இருந்துட்டுப் போகட்டும், விடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரி வந்ததும் பாஸ்டர் ஒருமுறை இருமிவிட்டுப் படித்துவிட்டார். பெஞ்சுகளில் பெப்பர்மிண்ட் சப்பும் சத்தம்கூட நின்றது. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஊரே சேர்ந்து தன்னைத் தள்ளிவைத்ததுபோல் அவளுக்கு அழுகை வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோரா புதுத் தாளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வேறு ஆள் இல்லாததால் பாஸ்டரே அடித்திருந்தார். எழுத்தெல்லாம் கோணல்மாணல். ஆல்பர்ட்டாவின் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர், அதே நோய். இரண்டாவது பெயர் கோரா டைக்ஸ்ட்ரா.

ஆல்பர்ட்டா தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "எப்போலேருந்து?"

"ஈஸ்டர்லேருந்து கட்டி இருக்கு. அவர்கிட்ட போன திங்கக்கிழமைதான் சொன்னேன். புதன்கிழமை டாக்டர் பார்த்துச் சொல்லிட்டார்." கோரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒரு வரியை அடிக்க அவருக்கு நேத்து முழுப் பகலும் ஆச்சு."