மகள் எனக்காகப் பேசிய நாள்

சூரிச்சில் எங்கள் குடும்ப வைத்தியர் என்னைப் பார்த்து, "என்ன செய்கிறது?" என்று ஜெர்மனில் கேட்டார். மகள் ஆரணி பதில் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் அவளே. வதிவிட அனுமதி அலுவலகம் முதல் வைத்தியர்வரை, ஜெர்மன் அரைகுறையான எங்களுக்காகப் பிள்ளைகள் பேசுவதுதான் வழக்கம். அதனால் அன்று எனக்குப் பேச்சே வரவில்லை என்பதை இருவரும் கவனிக்கவில்லை. தலைச்சுற்றுக்குக் குளிசை தந்து அனுப்பினார்கள்.

வீட்டில் மனைவி, "தேத்தண்ணி போடட்டோ?" என்றாள். "சாவி" என்றேன். சிரித்தாள். மறுபடி கேட்டாள். பிறகு அம்புலன்சை அழைத்தாள்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடுதல்). அதனால் அஃபேசியா (மனதில் உள்ள சொல் வாய்க்கு வராத நிலை). எனக்கு உயிரைவிட வேறொரு கவலைதான் பெரிதாக இருந்தது. நான்கு மாதத்தில் எங்கள் தமிழ் வாசிகசாலையில் நான் பேச ஒப்புக்கொண்டிருந்தேன்.

நான் உணவகச் சமையற்காரன். உடன் வேலை செய்த குரோவாசியர் ஒருவர் தன் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவரைப் பற்றிச் சொல்வார். அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டை வியன்னாவிலிருந்து ஆண்ட பேரரசை எதிர்த்து எழுதியவர். தணிக்கை அவர் வரிகளை வெட்டியது, பத்திரிகையை மூடியது, அவரையும் சிறையில் போட்டது. வெளியே வந்து இன்னொரு பத்திரிகை தொடங்கினார், சட்டசபைக்கும் போனார். சரியான பிடிவாதக்காரர். வாசிகசாலைப் பேச்சுக்காக அவர் வாழ்க்கையைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன்.

பேச்சுப் பயிற்சியாளர் ஆப்பிள் படமும் கரண்டிப் படமும் காட்டினார். ஐம்பத்தெட்டு வயதில் எனக்குக் கரண்டியா? என் கையெழுத்துப் பிரதியை அவர் முன் வைத்தேன்.

"எனக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் தடுமாறும் இடம் மட்டும் கேட்கும். அது போதும்," என்றார்.

'சிறை' இரண்டாம் வாரம் வந்தது. 'பத்திரிகை' வர ஒரு மாதம் ஆனது. நான் தடுமாறும்போதெல்லாம் ஆரணி சொல்லை எடுத்துக் கொடுத்தாள். பாசம்தான். ஆனால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்கள் கஷ்டப்படுறதைப் பாத்துக்கொண்டு எப்பிடியப்பா சும்மா இருக்கிறது?" என்று அழுதாள்.

"நீ கதையாதை. நான்... கதைப்பன்." என் முதல் முழு வாக்கியம் அதுதான்.

நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களே, வைத்தியரிடம் போனால் முதல் பதிலை அவரே சொல்லட்டும். தமிழில் சொன்னாலும் போதும், மொழிபெயர்ப்பது அதற்குப் பிறகு.

சொன்ன நாளில் பேசினேன். அரைமணிப் பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. "சிறையிலிருந்து வந்தவர்..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். அடுத்த சொல் இல்லை. முன்வரிசையில் ஆரணியின் உதடு அசைந்தது. அவள் அதைக் கையால் பொத்திக்கொண்டாள். முன்பென்றால் வெட்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இப்போது என் வாய்க்கு அதன் நேரம் வேண்டும், அதை நான் எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"திரும்பவும்," என்றேன், "எழுதினார்."