தலைதீபாவளிக்கு முன் தீர்ந்துபோன முறுக்கு

தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. முறுக்கு டின் காலி!

யார் தின்றிருப்பார்கள்? வீட்டில் இருப்பது நானும் என் வீட்டுக்காரரும்தான். அவருக்குப் பத்து நாளாகப் பல்வலி. அப்புறம் விசாரணை எதற்கு?

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்லுகிறவள்! பசித்துத் தின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பசியே இல்லை... கவலை.

என் மகள் கோமதியைப் பெரியகுளத்தில் கட்டிக்கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. பதினைந்து நாளைக்கு ஒருமுறை கோமதியிடமிருந்து ஒரு தபால் கார்டு வரும். 'நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா?' அவ்வளவுதான். ஆரப்பாளையத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை எனக்குச் சொன்ன பெண் அவள். வாய் ஓயாது. அவளா இரண்டு வரியோடு நிறுத்துவாள்? அங்கே அடிக்கிறார்களா? பட்டினி போடுகிறார்களா? கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒன்றும் புரியாது. கை தானாக டின்னுக்குள் போகும்.

டின்னைப் பரண்மேல் ஏற்றி வைத்துப் பார்த்தேன். முக்காலி போட்டு ஏறினேன். அதுதான் மிச்சம்.

"எதுக்கு இம்புட்டு திங்கிற? வயித்துக்கு ஆகாது" என்றார் வீட்டுக்காரர். அதோடு பேப்பரில் மூழ்கிவிட்டார். நான் மறுபடியும் மாவு பிசைந்து, புது முறுக்கு சுட்டு, அதிரசமும் தட்டி வைத்தேன்.

தலைதீபாவளிக்கு முதல்நாள் காலை பஸ்ஸில் மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். கோமதியைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். இளைத்துத் துரும்பாக வருவாள் என்றல்லவா பயந்துகொண்டிருந்தேன்? ரவிக்கை கையைப் பிடிக்கிறது! கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது.

"எப்படிடி இருக்கே?"

"நல்லா இருக்கேம்மா."

கார்டில் எழுதிய அதே தோரணை. சிரிப்பு மட்டும் கூடுதல்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து ஆண்கள் இருவரும் கண் அசந்தார்கள். நான் சாமான் அறைக்குள் போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். அங்கே அரிசி மூட்டைக்குப் பின்னால் கோமதி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அதிரச டின்.

"என்னடி இது? இப்பத்தானே வயிறு நெறையச் சாப்பிட்டே?"

"நீ எதுக்கும்மா வந்தே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதுவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "அடிக்கிறாங்களாடி?"

"சேச்சே, எல்லாரும் நல்லவுகதாம்மா. ஆனா யாருமே பேச மாட்டாக. மாமாவும் அத்தையும் காலையில நாலு வார்த்தை, சாயங்காலம் நாலு வார்த்தை. இவரு வாரத்துல நாலு நாளு ஆபீஸ் வேலையா வெளியூர் கேம்ப்புக்குப் போயிருவாரு. சும்மா இருக்க முடியல. எதையாச்சும் எடுத்து வாயில போட்டுக்கிட்டே இருக்கேன்."

"இதை எழுதுறதுக்கென்ன?"

"மாமா வாங்கிப் படிச்சிட்டுத்தானே தபால்ல போடுறாரு!"

விஷயம் புரிந்தது. விளக்கு வைக்கிற நேரம்வரை அந்த மூட்டையில் சாய்ந்துகொண்டு இருவரும் பேசினோம். பெரியகுளத்துத் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட வந்தது. எழுந்தபோதுதான் கவனித்தேன்... மூன்று மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரு அதிரசம்கூடத் தொடவில்லை.

நேரே கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளை காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவரோடு நேருக்கு நேர் நான் அதுவரை பேசியதில்லை. கோமதி பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இழுக்கட்டும்!

"மாப்ள, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கிறாதீக. கோமதிக்கு அங்க பேச்சுத்துணை இல்ல. சொல்லப் பயந்துக்கிட்டு இருக்கா."

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே அத்தை! எப்ப வந்தாலும் சிரிச்ச முகமா நிப்பா. நல்லா இருக்கான்னுதான் நெனச்சேன்." கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்ட கோமதியைப் பார்த்தார். "கேம்ப்புக்குப் போறப்ப மாசம் ஒரு தடவையாச்சும் இவளை இங்க கொண்டாந்து விட்டுட்டுப் போறேன். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே கார்டு வேணாம். கவர் வாங்கித் தாறேன். நானே ஒட்டிப் போட்டுர்றேன்."

"நானே ஒட்டிக்கிறேன்" என்றாள் கோமதி கதவுக்குப் பின்னாலிருந்து. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் தீபாவளி. இலையில் வைத்த ஒரு அதிரசத்தோடு போதுமென்று கோமதி எழுந்துவிட்டாள். நானும்தான்.

பண்டிகை நாளில் வீடு முழுக்கப் பலகாரம் இருக்கும். மனசு முழுக்க ஏதாவது ஒரு கவலையும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதுதான் ஆபத்து. கை நீளும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். கேட்பது வயிறா, மனசா? வயிறு என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். மனசு என்றால் அதற்கு வேண்டியது முறுக்கு இல்லை. காது கொடுக்க ஒரு ஆள். அந்த ஆள் எங்கோ தொலைவில் இருக்க வேண்டும் என்பதில்லை. அவரும் உங்களை மாதிரியே தின்றுகொண்டு இருக்கலாம்.

எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "இதையெல்லாமா ஊருக்குச் சொல்லுவாங்க?" என்றார்.

"சொல்லாம இருந்தா இந்நேரம் அடுப்படியில டின்னும் கையுமா இருப்பேன்" என்றேன்.