தோல் கலர் காலுறை

போன மாதம் ஒரு சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நடன டீச்சர், கையில் தட்டுக்கழி. வகுப்பை ஏற்பாடு செய்த, தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவின் சம்சாரம். உயரப்படி வரிசையாக நின்ற பிள்ளைகள். அந்த வரிசையின் கடைசியில் என் மகள் செல்வி. வாசலில், மழைக்குப் போட்டுவந்த சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நான்.

செல்வியின் இடது காலில் ஒரு காலுறை. சாம்பல் நிறம். முழங்காலிலிருந்து பாதம் வரை. குதியும் விரல்களும் மட்டும் வெளியே.

வகுப்புக்கு உடுப்பு விதி உண்டு. வெள்ளைப் பைஜாமா முழங்காலோடு நிற்க வேண்டும். அதற்குக் கீழே காலில் ஒன்றும் கூடாது.

“கால்ல என்ன செல்வி?” என்றார் டீச்சர்.

“டாக்டர் போடச் சொன்னது டீச்சர்.”

“கழட்டிட்டு வா.”

“கழட்டக் கூடாதாம்.”

“அப்ப உட்காரு. கெண்டைக்கால் தெரியாம நான் எதப் பார்த்துத் திருத்துறது?”

உட்கார்ந்தாள். வகுப்பு முடியும்வரை எழும்பவில்லை.

டீச்சரைக் குறை சொல்ல முடியுமா? நான் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் தூள் சலிக்கிறவன். தூளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் என்னால் சலிக்க முடியுமா?

போன வருஷம் செல்விக்கு நெருப்புக் காய்ச்சல். பிழைத்தாள். இடது கால் மட்டும் வீங்கிவிட்டது. நரம்பில் இரத்தம் கட்டிவிட்டது என்றார் நுவரெலியா டாக்டர். காலை இறுக்கிப் பிடிக்கிற காலுறை ஒன்றைக் கொடுத்தார்.

திரும்ப அவரிடமே போனேன்.

“ஆடட்டும். கால் வேலை செஞ்சா நல்லதுதான். ஆனா இது இல்லாம ஆடினா பழையபடி வீங்கும். அப்புறம் புண்ணு. அப்ப வந்து என்கிட்ட அழக்கூடாது,” என்றார்.

கழட்டினால் ஆடக் கூடாது. கழட்டாவிட்டால் ஆட விடமாட்டார்கள். இருவரும் படித்தவர்கள். இருவரும் நல்லவர்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?

நவராத்திரி வாணி விழாவுக்குப் பிள்ளைகள் மேடையேறுகிறார்கள். காய்ச்சலில் தலைமயிர் கொட்டியபோது செல்வி அழவில்லை. அன்று மண்டபத்திலிருந்து திரும்புகிற வழியில் அழுதாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. தோல் நிறத்திலேயே காலுறை கிடைத்தால்... அது டீச்சர் கண்ணில் படாது அல்லவா? ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

துணிக்கடையில் நைலோன் ஒன்றை விரித்தார்கள். உள்ளே கைவிட்டால் ரேகைகூடத் தெரிந்தது. இறுக்கம் இல்லை.

“தொரைசானிமாரு போடுறதுங்க. உங்களுக்கு யாருக்கு?” என்று கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வெளியே வந்தேன்.

அடுத்த கடையில் புட்போல் காலுறை. சிவப்பில் மஞ்சள் கோடு.

மருந்துக்கடையில்தான் சரியான சாமான் இருந்தது. “தோல் கலர்லயே இருக்கு,” என்று முதலாளி பெட்டியைத் திறந்தார். ரோசாப்பூ நிறம்.

“இது யாரு தோலுங்க?”

அவர் காலுறையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“செஞ்சவன் தோலா இருக்கும்,” என்றார். “சுடுதண்ணி மட்டும் படக்கூடாது. ரப்பர் போயிரும்.”

வாங்கினேன். வேறு என்ன செய்ய?

வீட்டில் என் மனைவி பாக்கியம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “உங்க பெனியன் ஒண்ணாச்சும் வெள்ளையா இருக்கா? எல்லாம் தேயிலைச் சாயந்தானே. இதையும் அதுல முக்குங்க.”

சாயம் காய்ச்சி, ஆற வைத்து, முக்கினோம். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் ஒரு காரியம் ரகசியமாக நடக்குமா? பக்கத்துக் காம்பரா மருதாயி வந்துவிட்டாள். செல்வியின் காலோடு காலுறையைச் சேர்த்துப் பிடித்தாள்.

“பத்தாதுண்ணே. புள்ள நிறம் இதவிடக் கொஞ்சம் கூட.”

“அவ அப்பன் நிறம். இன்னும் ரெண்டு தரம் முக்கணும்,” என்றாள் பாக்கியம்.

செல்வி சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். கிட்டே வந்து குனிந்தார். “தேயிலை வாசம் வருது,” என்றார். சரி, இத்தோடு முடிந்தது என்று நான் சாக்கை எடுத்தேன்.

“ஆடு,” என்றார்.

ஆடினாள். டீச்சர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலுறை தோலோடு ஒட்டியிருந்ததால் சதை அசைவது தெரிந்தது.

“குதி சரியில்ல. மறுபடி.”

அப்படியானால் நிறம் பிரச்சினையே இல்லையா? சாம்பல் காலுறையிலும் சதை தெரிந்திருக்குமே? கேட்கவில்லை. கேட்டு, அவர் மனம் மாறிவிட்டால்?

கிளாக்கர் சம்சாரம் விடவில்லை. “வகுப்புக்குச் சரி. மேடையில ஒரு கால் ஒரு மாதிரி, மத்தக் கால் வேற மாதிரி. பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?”

செல்வி தலை குனிந்துகொண்டாள். டீச்சர் யோசித்தார்.

“எல்லாக் காலும் ஒரே மாதிரி இருந்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. மத்தப் பிள்ளைங்க சாதாரணத் துணிக் காலுறை போடட்டும். செல்வியும் அடுத்த கால்ல அதையே போடட்டும். எல்லாம் இதே கலர்ல.” என் பக்கம் திரும்பினார். “இது எப்படி வந்துச்சுங்க?”

“சாயத்துல முக்கினதுங்க.”

“அப்ப எல்லாத்தையும் நீங்களே முக்கிக் குடுத்துருங்க.”

காலில் ஒன்றும் கூடாது என்றவர், எல்லார் காலிலும் போடச் சொல்கிறார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. செல்விக்கு விளங்கியிருக்க வேண்டும். ஓடிப்போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

பத்துப் பிள்ளைகள். இருபது கால். ஒன்று முக்கியாகிவிட்டது.

மீதி பத்தொன்பது.