எங்க வூட்டு மண்ணு

இதில் ஒரு வார்த்தை கூட ஜோடித்ததல்ல. ராஜமேரி தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

1974, சித்திரை மாதம். அப்போது அவள் ஆராய்ச்சி மாணவி. பாப்பாரப்பட்டிக்கு மேற்கே, பழங்காலத்து ஈமக்குழிகள் நிறைந்த ஒரு பாறைக்காட்டில் வேலை. எலும்பு மட்கிப் போனாலும் அதிலிருந்த பாஸ்பேட் மண்ணில் தங்கிவிடும். அந்த மண்ணைத் தாளில் வைத்து மருந்தைச் சொட்டினால் தாள் நீலமாகும். அங்கே ஆட்களைப் புதைத்ததற்கு அந்த நீலமே சாட்சி; அதைக் காட்டிவிட்டால் போதும். ஆனால் குழி குழியாகப் பார்த்தும் ஒரு தாள்கூட நிறம் மாறவில்லை. சாயங்காலம் பேராசிரியர் ஜீப்பில் வருகிறார். நீலம் இல்லையென்றால் ஆராய்ச்சியையே மூட்டை கட்டச் சொல்லியிருந்தார்.

“இன்னிக்காச்சும் நீலம் புடிச்சுதுங்களா?” என்றார் குழி தோண்ட வந்த முனியப்பன். “எங்க வூட்ல வெள்ளைத்துணிக்குப் போடற நீலம் இருக்குது. ரெண்டு சொட்டு உடட்டுங்களா?”

“போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க” என்றாள் எரிச்சலோடு.

உச்சி வெயில். இன்னொரு தாள். வெள்ளை. கசக்கி எறிந்தாள். இன்னொன்று. அதுவும் வெள்ளை. அழுகை முட்டியது.

தூரத்தில் ஆடுகளின் மணிச்சத்தம்... டிங்... டிங்...

சட்டென்று நின்றது.

“என்னம்மா தேடறே?”

பாறையோரம் ஒரு பெண். வந்த சத்தமே கேட்கவில்லை.

“மண்ணுங்க. ஆளுங்களப் பொதைச்ச மண்ணு.”

“எங்க வூட்ல எடுத்துக்கோ.” மேற்கே கை காட்டினாள்.

“வூட்டு மண்ணு ஆவாதுங்க. ஆளு பொழங்கற எடம்னா எப்பவும் நீலந்தான் காட்டும்.”

“பொழங்கறதில்லம்மா. படுத்தே கெடக்கறோம்.”

சீக்காளிக் குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து மருந்துப் பாட்டிலைத் தேடினாள். நிமிர்ந்தபோது யாருமில்லை.

அவளுடைய மருந்துப் பெட்டிமேல் ஒரு பிடி மண்.

பக்கத்தில்... சின்னதாக இன்னொரு பிடி.

தொட்டாள். ஈரம். அந்தக் காட்டில் மாசிக்கு முன்னாலிருந்தே மழை இல்லை.

தாளில் வைத்தாள். மருந்தை இன்னும் திறக்கவில்லை.

தாள் நீலமானது.

முனியப்பன் திரும்பி வந்ததும் அவள் மேற்கே கை காட்டினாள். “அந்தப் பக்கம்... யாரு வூடு?”

“குடியிருக்கற வூடு ஒண்ணுமில்லீங்களே.” தலையைச் சொறிந்தார். “இந்தக் கல்லுக்குழிங்களத்தான் நாங்க வூடும்போம். அங்கயும் ஒண்ணு கெடக்குது. மேல ஆலவேரு படர்ந்து, யாரும் தொட்டதில்லீங்க.”

ஜீப் வந்தது. அந்தக் குழியைத் திறந்து பார்க்கலாம் என்றாள் ராஜமேரி. வேரை வெட்டி, கடப்பாரை போட்டு, மூடிக்கல்லைப் புரட்டினார்கள். உள்ளே மண். பேராசிரியரே ஓரத்தில் ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் வைத்து மருந்தைச் சொட்டினார். நீலம். அவருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

“கல்லைத் திறக்கறதுக்கு முன்னாடியே எப்படிம்மா கை விட்டே?”

ராஜமேரி எட்டிப் பார்த்தாள்.

சமமாகப் படிந்திருந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிய பள்ளம். விரல் தடங்களோடு.

அதை ஒட்டி இன்னொரு பள்ளம்... பச்சைப்பிள்ளையின் விரல்கள்.